முந்நூறு சுவர்களில் ஹவில்தார் எத்திராஜ்

பாறைத்தாங்கல் ஹவில்தார் எத்திராஜ் இறந்த மூன்றாம் நாள் காலையில், ஆறு நாற்பது டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குள் தலையை இடது பக்கம் திருப்பினார். பூக்கட்டும் நாகபூஷணம் அதைப் பார்த்துவிட்டு, மனுசனுக்குச் செத்தும் கழுத்து வலி போகவில்லை போலிருக்கிறது என்றாள், பஸ் வந்தது, எல்லோரும் ஏறிப் போனார்கள். சாயங்காலம் அவர்கள் திரும்பி வந்து இறங்கியபோது அவர் வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆற்காட்டில் ஓர் அச்சகத்தில் முந்நூறு போஸ்டர் அடித்து, எங்கள் ஊரிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் காலியாகக் கிடைத்த சுவரிலெல்லாம் ஒட்டியவன் மூத்த மகன் அம்பாலன். நாலாவது வார்டு மெம்பர், போஸ்டர் அடிப்பதில் கை பழகியவன். போன நவம்பரில், எத்திராஜ் உயிரோடுதான் இருக்கிறார் என்று பென்ஷன் வங்கிக்குக் காட்டுவதற்காக எடுத்த போட்டோவையே அதில் போட்டிருந்தான்: முறுக்கிவிட்ட வெள்ளை மீசை, சட்டையில் வரிசையாகக் குத்திய மெடல்கள், இமைக்காமல் நேரே பார்க்கும் கண்கள். உயிரோடிருப்பதற்கான அத்தாட்சி அந்தப் போட்டோவில் கொஞ்சம் தூக்கலாக விழுந்துவிட்டது என்று பிற்பாடு சிலர் காரணம் சொன்னார்கள். அதற்குமேல் காரணத்தைத் தேடி எங்கள் ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அச்சகக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, முந்நூறும் ஒரே பிளேட்டில் அடித்தது, என் கடையை விட்டு வண்டி ஏறும்போது முந்நூறு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டுதான் போனார்கள், வழியில் திரும்பினால் அதற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

அந்தக் கண்கள் திரும்பியதில் ஊருக்கு இருந்த ஒரே ஆச்சரியம், அவை எத்திராஜுடைய கண்கள் என்பதுதான்.

பதினெட்டு வயதில் வேலூரில் வரிசையில் நின்று, மூச்சைப் பிடித்து மார்பை விரித்துக் காட்டி ராணுவத்தில் சேர்ந்த எத்திராஜ், இருபத்துநாலு வருஷம் பனியிலும் மணலிலும் காவல் நின்றார், இரண்டு சண்டைகளுக்குப் போய் வந்தார், அவற்றைப் பற்றிக் கேட்டால் அங்கே போட்ட சாப்பாட்டைப் பற்றித்தான் சொல்வார். வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவில் வந்து, ஓட்டை மாற்றி, கிணற்றைத் தூர் வாரி, அஞ்சலாட்சிக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போவார். பிள்ளை பிறந்த தந்தி கைக்குக் கிடைக்கும்போது எந்த ஊரில் நிற்கிறாரோ அந்த ஊரின் பெயரையே வைக்கச் சொல்லி எழுதுவார். மூத்தவன் அம்பாலா என்கிற ஊரால் அம்பாலன் ஆனான். நடுவில் பிறந்தவள் ஜான்சி. கடைசிப் பையன் அசாமில் இருக்கும் தேஜ்பூரின் பெயரால் தேஜ்பூர்மணி. மூன்று பேரில் ஜான்சி ஒருத்திதான் பள்ளிக்கூடத்தில் நிம்மதியாகப் படித்தாள். அம்பாலனை நாங்கள் ஆம்லெட் என்று கூப்பிட்டோம், அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நானும் கூப்பிட்டேன், அதற்கு இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். தேஜ்பூர்மணி ஐதராபாத்துக்கு வேலைக்குப் போனான். அங்கே அவனைத் தேஜா என்று கூப்பிட்டு நம்மூர்ப் பையன் என்று நினைத்துக்கொண்டார்கள், அவனும் மறுத்துப் பேசவில்லை.

ராணுவத்திலிருந்து வந்தபின் எத்திராஜ் ஒரு வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு பத்தொன்பது வருஷம் நின்றார். அந்தத் துப்பாக்கி ஒரு தடவைகூட வெடித்ததில்லை. இரண்டு காவலிலுமாகச் சேர்ந்து நாற்பத்துமூன்று வருஷம் நேரே பார்த்து நேரே பார்த்து, அவருடைய கழுத்து இடமும் வலமும் போகிற வழியை மறந்துவிட்டது என்று சொல்லிக்கொள்வார்கள். வீட்டை விட்டுக் கிளம்பினால் அவர் பத்தடி முன்னால் நடப்பார், அஞ்சலாட்சி பத்தடி பின்னால் வருவாள், அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். ஓர் ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு பேரும் மலைக்கோயிலுக்கு நடந்து போனபோது, முதல் மைலிலேயே அஞ்சலாட்சிக்குச் செருப்பு வார் அறுந்து, எதிரே வந்த மாட்டுவண்டியில் ஏறி அவள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். எத்திராஜ் மிச்சம் நாலு மைலும் பதான்கோட் ஆட்டுக்கறியைப் பற்றி அவளிடம் சொல்லிக்கொண்டே போய், முந்நூற்றுப் பதினாறு படியும் ஏறி, சன்னதிக்கு முன்னால் நின்று, தேங்காயைக் கொடு என்று கையைப் பின்பக்கமாக நீட்டினார். நீட்டிய கை வெகுநேரம் நீட்டியபடியே இருந்தது, அப்போதும் அவர் திரும்பவில்லை என்று அந்தக் கோயில் பூசாரி எங்கள் அப்பாவிடம் சொன்னார்.

அஞ்சலாட்சிக்கு ஓர் ஆசை இருந்தது, அது ஊருக்கே தெரியும். ஒவ்வொரு லீவு முடியும்போதும், பட்டாளத்தில் குடும்பத்தோடு இருக்க வீடு தருகிறார்களாமே, என்னையும் கூட்டிப்போ என்று கேட்பாள். அடுத்த வருஷம் என்பார் எத்திராஜ். அவர் ஓய்வு பெற்று வந்தபிறகு, சும்மாவாவது அந்த ஊர்களைக் காட்டு என்று கேட்டாள். அங்கே என்ன இருக்கிறது, வெறும் குளிர் என்றார். ‘மூணு ஊரையும் வயித்துல சொமந்தேன், ஒரு ஊரக்கூடக் கண்ணால பாக்கல’ என்பதை அவள் பால் சொசைட்டியிலும் கல்யாணப் பந்தியிலும் சொல்லிச் சொல்லி, எங்களுக்கெல்லாம் அது மனப்பாடம். எரித்த இடத்தில் பால் தெளித்துவிட்டு வந்த மூன்றாம் நாளும் அம்பாலனிடம் அதையே கேட்டாள். ஜான்சியும் அம்பாலாவும் ஒரே ரயில் பாதையாம், தேஜ்பூர் வேறு ரூட்டாம், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இந்த இரண்டை மட்டும் காட்டிவிடு என்றாள். எல்லாம் முடியட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றான் அம்பாலன். அவனுக்கே தெரியாமல் அவன் அப்பாவின் குரலில் சொன்னான்.

ஒரு வாரத்துக்குள் ஊர் போஸ்டர்களுக்குப் பழகிவிட்டது. டீக்கடைச் சுவரில் இருந்த எத்திராஜ் கிழக்கே பார்த்தால் பால் சொசைட்டிச் சுவரில் இருந்தவர் மேற்கே பார்த்தார். டவுன் பஸ்ஸின் பின்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்தவர் பாடுதான் திண்டாட்டம். பஸ் வளைகிற வளைவுக்கெல்லாம் எதிர்ப்பக்கம் திரும்பித் திரும்பி ஒரு நாளைக்கு நாலு நடை ராடார் மாதிரி சுற்றினார், பின்னால் பைக்கில் வந்தவர்கள் தலை சுற்றி ஓரங்கட்டினார்கள். போஸ்டரை செல்போனில் படம் பிடித்தால் அந்தப் படம் அசையவில்லை. காகிதம், பசை, சுவர் மூன்றும் வேண்டியிருந்தது.

இந்த நிலையில்தான் பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்ற சுபேதார் கோதண்டபாணி பெட்டிக்குள்ளிருந்து பழைய காம்பஸை எடுத்துத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர் எங்களுடையது. அதிசயம் என்று வந்தால் மற்ற ஊர்க்காரர்கள் கற்பூரம் ஏற்றுவார்கள், எங்கள் ஊர்க்காரர்கள் கோணம் எடுப்பார்கள். கோதண்டபாணி டீக்கடைப் போஸ்டரின் பார்வையை அளந்து ஒரு கோடு போட்டார், சொசைட்டிப் போஸ்டரின் பார்வையை அளந்து ஒரு கோடு போட்டார், இரண்டும் வெட்டிக்கொள்கிற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டுச் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது: மிலிட்டரி கேன்டீன் ரம். எத்திராஜ் அஞ்சலாட்சிக்குத் தெரியாமல் ரம் பாட்டில்களை மண்ணில் புதைத்து வைப்பார், வைத்த இடத்தை மறந்துவிடுவார், குறைந்தது மூன்று பாட்டில்கள் இன்னும் பூமிக்குள் இருக்கின்றன என்பது முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். சாகும்போது சொல்ல முடியாமல் போனதைப் போஸ்டரில் நின்று காட்டுகிறார், நண்பன் என்றால் அவன் நண்பன் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடப்பாரை எடுத்தார்கள்.

முதல் குழியைப் போர்வெல் பக்கத்தில் தோண்டினார்கள். இடுப்பளவு ஆழம் போன பிறகு பார்த்தால் கோடுகள் நகர்ந்திருந்தன. இரண்டாவது குழி ஆட்டுப்பட்டி ஓரத்தில். மூன்றாவது ரேஷன் கடைக்கு எதிரே. ஒன்பதாவது குழியின்போது நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் கூட்டமாக வந்து, மண் வெட்டுவது எங்கள் வேலை, பென்ஷனும் வாங்கிக்கொண்டு எங்கள் பிழைப்பிலும் கை வைக்கிறீர்களா என்று சண்டை போட்டார்கள். அவர்களை ஒருவழியாகச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு, பதினோராவது குழியைப் பால் சொசைட்டிக்குப் பின்னால் தோண்டிக்கொண்டிருக்கும்போதுதான், கையில் பால் கேனோடு அஞ்சலாட்சி அங்கே வந்து நின்றாள்.

“நேத்து நான் குந்தி வெத்தல போட்ட எடத்த எதுக்கு தம்பி தோண்டறீங்க?” என்று கேட்டாள். “முந்தாநாளு ஆட்டுப்பட்டிகிட்ட நின்னேன், அங்க ஒரு குழி. ரேசன் கடைக்குப் போனேன், அங்க ஒரு குழி. நான் போற எடமெல்லாம் தோண்டிக்கினே வரீங்களே, என்னையும் சீக்கிரம் அனுப்பற யோசனையா?”

குழிக்குள் நின்றிருந்த கோதண்டபாணி அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் சொசைட்டிச் சுவரில் இருந்த போஸ்டரைப் பார்த்தார். மெதுவாக மேலே ஏறி வந்து கையைத் தட்டிக்கொண்டார்.

“அண்ணி, அப்பிடியே ரெண்டடி எடதுபக்கம் வாங்க.”

அவள் வந்தாள். போஸ்டரில் எத்திராஜின் கண்ணும் வந்தது.

“இப்ப சோத்துக்கைப் பக்கம் நாலடி.”

போனாள். மீசையோடு சேர்ந்து முகமே போனது. கடப்பாரை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக அதைக் கீழே சாய்த்து வைத்தார்கள். அஞ்சலாட்சி பால் கேனைத் தரையில் வைத்துவிட்டு, போஸ்டருக்கு நேரே போய், இடுப்பில் கையை ஊன்றி நின்று, அதை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பிறகு வேகமாக இடதுபக்கம் ஓரடி வைத்தாள், எதிர்பாராத விதமாக வலதுபக்கம் தாவினாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். அவர் ஓர் இடத்திலும் அவளைத் தவறவிடவில்லை.

“அம்பது வருசம் பின்னாடியே நடந்தேன்,” என்றாள் அவள், யாரிடமும் இல்லாமல். “இந்தக் கழுத்து இவ்ளோ திரும்பும்னு இன்னிக்குதான் தெரியுது.”

அதற்குப் பிறகு அஞ்சலாட்சி எங்கே இருக்கிறாள் என்று ஊரில் யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. குளிக்கிற தட்டிக்கு எதிரே ஒட்டியிருந்த போஸ்டர்மேல் அவள் கோணிப்பை தொங்கவிட்டாள். வயலுக்குப் போகிற வழியில் இருந்த போஸ்டரிடம் பழைய கணக்கு ஒவ்வொன்றாகத் தீர்த்தாள்: செருப்பு அறுந்தது, பிரசவத்துக்கு வராதது, தீபாவளிக்கு அனுப்பிய புடவையில் பாதி ரயில்வே கரி. அவர் இமைக்காமல் கேட்டுக்கொண்டார். திட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது அவள் கூந்தலைச் சரிசெய்துகொள்வதைப் பார்த்ததாக நாகபூஷணம் சொன்னாள். ஊரின் மற்ற பெண்களுக்கு இது தாங்கவில்லை. ஆற்காட்டு ஸ்டூடியோவில் அந்த வாரம் மட்டும் இருபத்தாறு கணவன்மார்கள், மீசையை முறுக்கிவிடப்பட்டு, உயிரோடிருக்கும் அத்தாட்சிக்காகப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அம்பாலன் மட்டும் இதில் சேரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கும் படத்திறப்புக்கும் அவன் ஐந்நூறு பத்திரிகை அடித்திருந்தான், பந்தலுக்குச் சொல்லியிருந்தான், அப்பாவைப் பற்றிப் பேச ஒன்பது பேரை ஏற்பாடு செய்திருந்தான். வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊரில், மூன்று தடவை ஆள் எடுப்புக்குப் போய் மூன்று தடவையும் மார்பளவில் ஒரு சென்டிமீட்டர் போதாமல் திரும்பி வந்தவன் அவன். ஒரு மத்தியானம், யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டித் தூணில் இருந்த போஸ்டருக்கு முன்னால் போய் நின்றான். இடதுபக்கம் நகர்ந்தான். வலதுபக்கம் நகர்ந்தான். நைனா என்றான். எத்திராஜ் அவன் தோளுக்கு மேலே, தூரத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த அஞ்சலாட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள் ஜான்சி வாலாஜாவிலிருந்து இரண்டு பைகளோடு வந்தாள். அங்கன்வாடி டீச்சர், அதிகம் பேசாதவள். வந்ததும் ஒரு பையைத் தன் தோளிலும் இன்னொன்றை அம்மாவின் கையிலும் மாட்டினாள். பந்தல்காரரோடு நின்றிருந்த அம்பாலன் ஓடி வந்து வாசலை மறித்தான். காரியம் முடியும்வரை பெண்சாதி ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து முறை. அதை அவன் உரக்கச் சொன்னான், தெரு முழுக்கக் கேட்டது.

“பத்திரிகையெல்லாம் குடுத்தாச்சும்மா. பதினாறாம் நாளு தாலி வாங்கற சடங்கு கீது. நீயே இல்லன்னா நான் யாரை வெச்சி செய்யறது?”

“அந்த மனுசன் இன்னும் பாத்துக்கினுதானடா கீறாரு,” என்றாள் அஞ்சலாட்சி. “பாக்கற ஆளு எதுருல எப்பிடி வாங்குவீங்க?”

பந்தல்காரர் கழியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“அது காயிதம்டா. மழ வந்தா கரஞ்சிடும். எவ்ளோ தூரம் வரைக்கும் பாக்கறார்னு நான் பாத்துட்டு வரேன்.”

மறுநாள் காலையில், அம்பாலன் எழுந்திருப்பதற்கு முன்பே கிளம்பிப் போய், அம்மாவும் மகளும் காட்பாடியில் ரயிலேறினார்கள்.

டீக்கடையில், பள்ளிக்கூடத்திலிருந்து கடன் வாங்கிய இந்திய வரைபடத்தைக் கோதண்டபாணி ஆணியடித்து மாட்டினார். போஸ்டர்கள் எல்லாம் வடகிழக்கே திரும்பியிருந்தன. அம்பாலன் போன் போட்டபோது ஜான்சி, மனசு சரியில்லாததால் அம்மாவைத் திருப்பதிக்குக் கூட்டி வந்திருக்கிறேன், நாளைக்கு வந்துவிடுவோம் என்றாள். அம்பாலன் அதை நம்பினான். கோதண்டபாணி காம்பஸைக் கண்ணிலிருந்து எடுக்காமல், “திருப்பதியைத் தாண்டி நாலு மணி நேரம் ஆச்சு மெம்பர்” என்றார்.

ஊருக்குள் இருக்கும் போஸ்டர்களை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரத்துக்குக் கோணம் பிடிக்க முடியாது, கோடுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போயின. தேஜ்பூர்மணி தன் பங்குக்கு எடுத்துப் போய் ஐதராபாத் அபார்ட்மெண்ட் கேட்டில் ஒட்டியிருந்த ஒரு போஸ்டர்தான் கைகொடுத்தது. அவன் மணிக்கொரு தடவை கீழே இறங்கிப்போய் அப்பாவின் முகம் போகிற பக்கத்தைப் பார்த்துப் போனில் சொன்னான். இங்கே ஒரு கோடு, அங்கே ஒரு கோடு, வெட்டுகிற இடத்தில் கறுப்பு மையில் ஒரு புள்ளி. விஜயவாடாவில் ஒரு புள்ளி. வாரங்கலில் ஒரு புள்ளி. புள்ளி ஒவ்வோர் ஊராக நகர நகர, டீக்கடையில் உட்கார்ந்திருந்த பழைய பட்டாளத்துக்காரர்களுக்கு எத்திராஜ் ஞாபகத்துக்கு வந்தார். நாக்பூரில்தான் தண்ணீர் பிடிக்க இறங்கி, ரயில் கிளம்பிவிட, ஒரு கையில் வாளியோடு பிளாட்பாரம் முழுக்க ஓடி, தண்ணீர் சிந்தாமல் கடைசிப் பெட்டியில் ஏறினார். இட்டார்சியில் இரண்டு டஜன் கமலா ஆரஞ்சு வாங்கி, பிள்ளைகளுக்கு என்று பெட்டியில் வைத்து, காட்பாடி வருவதற்குள் ஒவ்வொன்றாகத் தானே தின்று தீர்த்து, தோலை மட்டும் கொண்டு வந்து காட்டினார். போபாலில் ஒரு பஞ்சாபி சிப்பாயோடு மீசைப் பந்தயம் போட்டுத் தோற்று, ஒரு லீவு முழுக்க மீசை இல்லாமல் இருந்தார், வந்த அன்றைக்கு அஞ்சலாட்சி அடையாளம் தெரியாமல் கதவைச் சாத்திவிட்டாள். அம்பாலன் ஏற்பாடு செய்த ஒன்பது பேச்சாளர்களில் ஒருவருக்குக்கூட இதெல்லாம் தெரியாது.

இதற்கிடையில் ஆடுகள் வேறு. பசையின் ருசிக்காகச் சுவரிலிருந்து போஸ்டரைக் கிழித்துத் தின்கிற ஆடுகள் எல்லா ஊரிலும் உண்டு, எங்கள் ஊரிலும் ஒரு நாற்பது போஸ்டர் அப்படிப் போயிற்று. தின்ற ஆடுகள் மேய்ச்சலில் எங்கே விட்டாலும் வடக்கே முகத்தை வைத்துக்கொண்டு நின்றன. தலையைப் பிடித்துத் திருப்பினாலும் உடம்பைத்தான் திருப்ப முடிந்தது. புழுக்கை போட்ட பிறகு சரியாகிவிட்டன.

பதினாலாம் நாள் எல்லாக் கோடுகளும் ஜான்சியில் போய் நின்றன. மகள் ஜான்சி தன் பெயரெழுதிய மஞ்சள் பலகைக்குக் கீழே நிற்கிற படம் அன்றைக்கு எல்லோருடைய போனுக்கும் வந்தது. பக்கத்தில் முந்தானையால் விசிறிக்கொண்டு அஞ்சலாட்சி. கூடவே அவள் குரலும் வந்தது: “நம்மூரு வெயிலுக்கு மேல கீதுடா இங்க. இதுக்கா குளிரு குளிருன்னு அம்பது வருசம் ஏமாத்தினாரு.” அந்த நேரத்தில் எங்கள் ஊர் போஸ்டர்களில் எத்திராஜ் லேசாக முகம் சுளித்ததாகச் சிலர் சொல்கிறார்கள். நான் பார்த்தபோது சுளிக்கவில்லை. ஆனால் நான் கொஞ்சம் தாமதமாகத்தான் போனேன்.

பதினாறாம் நாள் விடிகாலையில் பிடித்தது ஐப்பசி மழை. முந்நூறில் ஆடு தின்றது போக, காதுகுத்துப் போஸ்டர்களுக்குக் கீழே மறைந்தது போக மிச்சம் இருந்தவை ஒவ்வொன்றாக ஊறிச் சுவரைவிட்டு வழுக்கின. முதலில் மெடல்கள் கரைந்தன, பிறகு சட்டை. கண்கள் கடைசிவரை வடக்கே பார்த்துக்கொண்டே போயின. ஐதராபாத்தில் அபார்ட்மெண்ட்காரர்கள் கேட்டுக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். பந்தலில் அம்பாலன் ஈர வேட்டியோடு பிண்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். எதிரே பூ மாலை போட்ட பெரிய படத்தில் எத்திராஜ், சட்டத்துக்குள் இருந்ததாலோ என்னவோ, அசையாமல் எல்லோரையும் போல் இருந்தார். பேச வந்த ஒன்பது பேரும் இலையில் உட்காரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது கோதண்டபாணி நனைந்துகொண்டே பந்தலுக்குள் வந்து, குனிந்து, அம்பாலனின் காதில் சொன்னார்: ஜான்சி போன் செய்தாள், ரயில் பானிபட்டைத் தாண்டியாயிற்று, இன்னும் ஒரு மணி நேரத்தில் அண்ணி அம்பாலாவில் இறங்குவார், ஊரில் ஒரே ஒரு போஸ்டர்தான் மிச்சம், தண்ணீர்த் தொட்டித் தூணில் இருப்பது, அதுவும் மேல்பக்கம் பசை விட்டுவிட்டது.

அம்பாலன் சடங்கு செய்கிறவரைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். தர்ப்பை கட்டிய விரலாலேயே பக்கத்தில் இருந்த என் குடையைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து ஓடினான். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். சமையல்காரர் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

தூணில் எத்திராஜ் மூலையில் சுருண்டு, நெற்றியில் தண்ணீர் வடிய, ஒரு புருவம் பாதி கரைந்து, வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார். அம்பாலன் இடது உள்ளங்கையால் போஸ்டரின் மேல் ஓரத்தைத் தூணோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, வலது கையால் குடையை அவர்மேல் பிடித்தான். குடை ஒருவருக்குத்தான் போதும். அவன்மேல் மழை கொட்டியது. கோதண்டபாணி தன் குடையை அவன் தலைக்கு மேல் பிடிக்க வந்தபோது, வேண்டாம் சித்தப்பா, உங்கள் குடையையும் அந்தப் பக்கம் பிடியுங்கள், காற்று அங்கிருந்துதான் அடிக்கிறது என்றான். பிறகு இருபது, முப்பது குடைகள் வந்தன. எல்லாவற்றையும் காற்றடிக்கிற பக்கம் நிறுத்தி வைத்தான், ஒரு கம்பெனியை வரிசையில் நிறுத்துகிற மாதிரி. மார்பளவு ஒரு சென்டிமீட்டர் குறைவு என்று அன்றைக்கு யாரும் அவனைச் சொல்லியிருக்க முடியாது.

ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் ஆயிற்று. போன் அடித்தது. அவன் இரண்டு கையும் வேலையாக இருந்ததால் நான் எடுத்து அவன் காதில் வைத்தேன். அஞ்சலாட்சியின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது, போனில் பேசும்போது தூரத்துக்குத் தகுந்த மாதிரி கத்த வேண்டும் என்பது அவள் வழக்கம்.

“எறங்கிட்டேன்டா. அவுரு பாக்கறாரா?”

அம்பாலன் கழுத்தை வளைத்துக் குடைக்குக் கீழே பார்த்தான். மீசை போய்விட்டது, ஒரு காது போய்விட்டது. அவன் கண்ணுக்கு எதிரே, ஒரு சாண் தூரத்தில், அந்த இரண்டு கண்களும் அவனைத் தாண்டி, தொட்டியைத் தாண்டி, மழையைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

“பாக்கறாரும்மா,” என்றான். “நல்லா பாக்கறாரு.”

போனில் ரயில் நிலையத்து இரைச்சல் கேட்டது. பள்ளிக்கூடத்தில் ஆம்லெட் என்று கூப்பிட்டே நாங்கள் யாரும் அவனைக் கேட்க விடாத கேள்வியைக் கேட்டான்.

“அந்த ஊரு எப்பிடிம்மா கீது?”

“உன்ன மாதிரியேதான்டா கீது,” என்றாள் அஞ்சலாட்சி. “எறங்குனதுலேர்ந்து ஒரே கத்தல்.”

குடை பிடித்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் தண்ணீர் நாலு பக்கமும் சிதறியது. அம்பாலனும் சிரித்தான், சிரிப்பில் கை ஆடியது, போஸ்டர் நனையப் போகிறது என்று கோதண்டபாணி அதட்டினார். அவன் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னான்: மழை, ஒரே போஸ்டர், தொட்டித் தூண், குடை. அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். அங்கே யாரோ இந்தியில் எதையோ விற்றுக்கொண்டு போனார்கள்.

“நான் இப்பதான டேசன விட்டு வெளிய வரேன்,” என்றாள். “ஊரப் பாத்து முடிக்க சாயங்காலம் ஆவும். கை வலிச்சா மாத்திப் புடி.”

அம்பாலன் வலது உள்ளங்கையைப் போஸ்டரில் வைத்து அழுத்தி, குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டான்.